டைமிங் அக்காவின் பெயரில்

கடைக்கு வருகிறவர்கள்தான் அவளுக்கு ‘டைமிங் அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். அம்மா முதன்முதலாக அதைக் கேட்டபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காரணம் இருக்கிறது. அவளுக்கு ஒரு ஜோக்கை உருப்படியாகச் சொல்ல வராது. சிரிக்க வேண்டிய இடத்தை முதலிலேயே உளறிக் கொட்டிவிட்டு, அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பக் கதைக்குப் போவாள்.

“இவளுக்கா டைமிங்? நல்லா வெச்சாங்க போ!” என்றார் அம்மா.

கடையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். கணினியில் போடுகிற ரேம், அதாவது மெமரி, கேட்டதை எத்தனை துடிப்புக்குள் எடுத்துத் தர வேண்டும், ஒரு வரிசையை மூடி அடுத்ததைத் திறக்க எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்று முப்பது நாற்பது எண்கள் உண்டு. அவற்றைத்தான் டைமிங் என்பார்கள். தயாரிப்பாளர்கள் வம்பு வேண்டாமென்று அந்த எண்களைத் தாராளமாகவே வைத்து அனுப்புவார்கள். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் அதே கணினி இன்னும் வேகமாக ஓடும். அளவு மீறி இறுக்கினால் மெமரி உளறத் தொடங்கும். அந்த அளவு எது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

இதை அவள் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. மெமரி சில்லு செய்யும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சோதனைப் பிரிவில் நின்றிருக்கிறாள். சில்லுகளை அடுப்பு மாதிரி ஒரு பெட்டிக்குள் அடுக்கிச் சூடேற்றி, எந்தச் சில்லு எந்தச் சூட்டில் மறக்க ஆரம்பிக்கிறது என்று குறிப்பதுதான் ஷிஃப்ட் முழுக்க வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலாளர் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச்சொல்லி, தொழிற்சாலை வேறு ஊருக்குப் போகிறது என்றார். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாமென்று எப்போதோ முடிவு செய்துவிட்டு, அம்மாவோடு மூன்றாவது மாடி வீட்டில் இருந்தாள். ஆறு மாதம் அங்கேயே முடங்கிக் கிடந்தாள். துலக்கின பாத்திரத்தையே திரும்பவும் துலக்கினாள்.

அப்போது படியேறி வந்தவன் அண்ணன்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு கணினிக் கடை வைத்திருந்தான்.

“எத்தன நாள் இப்படிச் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்ப? கடைக்கு வா. பின்னாடி ரூம் சும்மாதான் கிடக்கு.”

“எனக்கு யாவாரம் பேச வராதுண்ணா.”

“பேசறதுக்கு நான் இருக்கேன்ல. நீ உள்ள உக்காந்து உனக்குத் தெரிஞ்சதச் செய். ஒருத்தன் உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டான். கேக்கணும்னா என்னத் தாண்டித்தான் வரணும்.”

அண்ணன் அப்படித்தான். வாய் நிறையப் பேசுவான், பேசியதைப் பெரும்பாலும் செய்தும் காட்டுவான். பின்னறையில் அவனே நின்று வெள்ளையடித்தான். மேசை மேல் ரப்பர் விரிப்பு, திறந்த நிலையில் கணினியைப் பொருத்திச் சோதிக்க ஒரு இரும்புச் சட்டம், அவள் கேட்ட உயரத்தில் ஒரு நாற்காலி எல்லாம் வாங்கிப்போட்டான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் ஒரு மழைநீர்க் குழாயும்தான் தெரியும். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. தினமும் நாலு மணிக்கு அண்ணன் டீ கொண்டுவந்து, மின்சுற்றுப் பலகைகளுக்கு எட்டாத தூரத்தில், ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவான்.

அவளுடைய முக்கியமான கருவி ஒரு ஹேர் டிரையர். தலைக்கு ஒருநாளும் அதைப் பிடித்ததில்லை. சோதனை ஓடும்போது ரேமின் மேல் சூடான காற்றை அடித்து, ஐம்பத்தைந்து டிகிரியிலும் அது நிதானமாக இருக்கிறதா என்று பார்ப்பாள். வாடிக்கையாளர் யாராவது எட்டிப்பார்த்து, “என்னக்கா, மெமரிக்குத் தல குளிப்பாட்டியாச்சா?” என்று கேட்பார்கள். அவள் அதற்குச் சிரிக்காமல் பதில் சொல்வாள்.

“உள்ள கோடிக்கணக்குல குட்டிக் குட்டிக் கிண்ணம் இருக்குன்னு வெச்சுக்குங்க. எல்லாத்துலயும் பொடி ஓட்ட இருக்கு. மின்சாரம் ஒழுகிட்டே இருக்கும். குறிப்பிட்ட இடைவெளில திரும்பத் திரும்ப நெரப்பிட்டே இருக்கணும். நெரப்பற நேரத்துல ரேம் வேற வேல பாக்காது. அதனால இடைவெளிய நீட்டினா வேகம் கூடும். ஆனா சூடு ஏறினா ஒழுகறதும் ஜாஸ்தியாகும். நீங்க வந்து நெரப்பறதுக்குள்ள கிண்ணம் காலி. அதுல என்ன இருந்துச்சுன்னு அதுக்கே தெரியாது. ஆனா தெரியாதுன்னு சொல்லாது பாருங்க, எதையாவது எடுத்துக் குடுத்துடும்.”

ஒவ்வோர் எண்ணாக மாற்றி, ஒவ்வொன்றையும் பென்சிலால் எழுதி, பத்து மணி நேரம் சோதனை ஓட்டி, பிழை வருகிற இடம் எதுவென்று தெரிந்ததும் இரண்டு படி பின்னால் வந்து நிறுத்துவாள். கடைசியில் உள்ளங்கை அளவு காகிதத்தில் எல்லா எண்களையும் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெட்டியின் பக்கக் கதவின் உட்புறத்தில் ஒட்டுவாள். அவள் கையிலிருந்து போன ஒரு கணினிகூட மெமரிப் பிழையோடு திரும்பி வந்ததில்லை. ஆறு வருடத்தில் ‘டைமிங் அக்கா செட்டிங்’ வேண்டும் என்று கேட்டு வேறு வட்டாரங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

ஏழாம் வருடம் எதிர்வரிசையில் ஒரு பெரிய கடை திறந்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. அவர்கள் விற்ற கணினிகளின் வேகத்தைப் பட்டியலிட்டு ஓடவிடும் ஓர் ஆள் உயரத் திரை. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தால் அந்தத் திரைதான் நேரே கண்ணில் படும்.

“அங்க ஆறாயிரத்து நானூறு வேகம் தர்றாங்களாம். நீ ஏன் ஆறாயிரத்துலயே நிக்கற?” என்று ஒருநாள் கேட்டான்.

“அந்த ரேம் அதுக்கு மேல தாங்காதுண்ணா. நாப்பது நிமிஷம் ஓடுது, அப்புறம் தப்பு விடுது.”

“நாப்பது நிமிஷம் ஒழுங்கா ஓடுதில்ல?”

“வாங்கினவங்க நாப்பது நிமிஷத்துக்காகவா வாங்கறாங்க?”

அண்ணன் “சரி விடு. நீ சொன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். பேச்சு அதோடு முடிந்தது என்றே அவள் நம்பினாள்.

பேச்சுப் பயிற்சியாளர் வந்தது அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில். ஐம்பது வயதிருக்கும். குரல்வளையை எடுத்துவிடும் அறுவைக்குப் போகிற நோயாளிகளின் குரலை முன்கூட்டியே பதிவு செய்து வைப்பது அவர் வேலை. ஒருவர் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள் படிக்க வேண்டும். அதிலிருந்து பின்னால் ஒரு கருவி அவர் குரலிலேயே பேசும்.

“மெஷின ஒரு மூடின அலமாரிக்குள்ளதான் வெப்பேன். ஃபேன் சத்தம் பதிவுல விழக்கூடாது. அதுக்கு ஏத்த மாதிரி பண்ணிக் குடுங்க” என்றார்.

இதை அவளிடம் சொன்னபோது அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தான். தலையைக்கூட ஆட்டினான்.

அவள் அந்த ஒரு கணினிக்கு வேகம் எதையும் ஏற்றவில்லை. ஐயாயிரத்து அறுநூறில் நிறுத்தி, நிரப்பும் இடைவெளியைத் தொழிற்சாலை தந்த அளவிலேயே விட்டு, ஹேர் டிரையரை இரண்டு மடங்கு நேரம் பிடித்துச் சோதித்தாள். காகிதத்தில் எண்களுக்குக் கீழே ‘மூடிய அலமாரி. மாற்ற வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினாள்.

வெயில் காலம் வந்தது. ஒரு புதன்கிழமை பல்வலிக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கன்னம் மரத்துப்போய்க் கடைக்குத் திரும்பியபோது, பயிற்சியாளரின் கணினி அவள் மேசைமேல் இருந்தது. அண்ணன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான்.

“டிஸ்க் போயிடுச்சு போலருக்கு. வேற டிஸ்க் போட்டு அனுப்பிடு. பயாஸ் பக்கமெல்லாம் போக வேணாம்.”

ஏழு வருடத்தில் அவள் எதைத் திறக்க வேண்டும், எதைத் திறக்கக் கூடாது என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. மரத்த வாயோடு “ஏன்?” என்று கேட்கக்கூட அவளுக்கு வரவில்லை. கணினியை ஓடவிட்டு, மெமரி எண்களை மாற்றுகிற பயாஸ் திரையைத் திறந்தாள்.

ஆறாயிரத்து நானூறு. வோல்டேஜும் ஒன்று புள்ளி நாலு ஐந்துக்கு ஏறியிருந்தது. நிரப்பும் இடைவெளி அறுபத்தைந்தாயிரம் துடிப்பு. அவள் வைத்ததைப் போல ஆறு மடங்கு. சேமித்த அமைப்பின் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தில் ‘அக்கா ஃபாஸ்ட்’ என்று இருந்தது.

முதலில் அவளுக்குத் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. நானேதான் வேறு கணினியின் எண்களை இதில் போட்டுவிட்டேனோ என்று பக்கக் கதவைக் கழற்றினாள். அவள் ஒட்டிய காகிதம் ஒட்டினபடியே இருந்தது. அவள் கையெழுத்து, அவள் தேதி. மாற்றியவன் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து எண்களை மட்டும் மாற்றியிருக்கிறான்.

ஹேர் டிரையரைப் பிடித்துச் சோதனையை ஓட்டினாள். நாலு நிமிடத்தில் இருநூற்றுப் பதினொரு பிழைகள். தொழிற்சாலையில்கூட அவ்வளவு மோசமான ஒன்றை அவள் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு அண்ணன் டீயோடு உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். டீயை வழக்கமான இடத்தில் வைத்தான்.

“யாருண்ணா மாத்தினது?”

“பயாஸ் பக்கம் போகாதன்னு சொன்னேன்ல.”

“யாரு மாத்தினது?”

“இப்ப எதுக்கு அதப் பெருசு பண்ற? எதுத்தாப்புல எல்லாரும் பண்றதுதான். குளிர்ல நல்லாத்தானே ஓடுச்சு?”

“அலமாரிக்குள்ள வெப்பேன்னு அவங்க சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்ன.”

அண்ணன் வைத்த டீயை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

“இது ஒண்ணுதானா? இன்னும் இருக்கா?”

“ஒரு... பத்து இருக்கும்.”

அவள் எழுந்து அவனைத் தாண்டி முன்னறைக்குப் போனாள். கல்லா மேசை இழுப்பறையில் அண்ணன் கணினிகளுக்கு மென்பொருள் ஏற்றும் பென்டிரைவ் ஒன்று இருக்கும். அதைத் தன் கணினியில் செருகிப் பார்த்தாள். ‘அக்கா ஃபாஸ்ட்’ என்ற கோப்பும், அதை ஏற்றிய கணினிகளின் பட்டியலும் இருந்தன. முப்பத்துநாலு பேர். எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணனே ஒழுங்காக எழுதி வைத்திருந்தான். எல்லாம் அவள் சோதித்து, காகிதம் ஒட்டி, “முடிஞ்சுதுண்ணா” என்று ஒப்படைத்த பிறகு செய்யப்பட்டவை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஒத்துக்குவியா நீ?” என்றான் அண்ணன். குரலில் எரிச்சல் இருந்தது. தப்பு செய்தவன் குரலாக அது அவளுக்குக் கேட்கவில்லை. தன்னைத் தொந்தரவு செய்கிறவளைப் பார்த்துப் பேசுகிற குரல்.

அவள் டீயைக் குடிக்கவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பயிற்சியாளரின் இடத்துக்குப் போனாள்.

அது ஒரு மருத்துவமனைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு அட்டை ஒட்டிய சின்ன அறை. பயிற்சியாளர் கதவைத் திறந்தவுடன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“கடையில பாத்த நீங்கதான் அந்தத் தங்கச்சியா?”

“எந்தத் தங்கச்சி?”

அவர் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கடையின் பெயர் அச்சடித்த தாள். ‘மெமரி அமைப்புகளைக் கவனிக்கும் எங்கள் ஊழியரான என் தங்கையின் அவசரப் புத்தியால் இந்தப் பிழை நேர்ந்துள்ளது. வருந்துகிறோம். அவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டோம்’ என்று இருந்தது. கீழே அண்ணன் கையெழுத்து.

அவள் தேதியைப் பார்த்தாள். ஒன்பது நாள் முந்தைய தேதி.

அப்படியானால் ஒன்பது நாளாக அவனுக்குத் தெரியும். அந்த ஒன்பது நாளும் நாலு மணிக்கு டீ வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரே தட்டத்திலிருந்து இரண்டு பேரும் எடுத்துச் சாப்பிட்டார்கள். “பல்லு எப்படி இருக்கு, டாக்டரப் போய்ப் பாரு, புதன்கிழம நான் கடையப் பாத்துக்கறேன்” என்று சொன்னவனும் அவன்தான். பல்வலியை விசாரித்தது பாசத்தினாலா, பயிற்சியாளர் கணினியோடு வருகிற புதன்கிழமை தன்னைக் கடையிலிருந்து கிளப்பவா என்று அவளுக்கு அங்கேயே, அந்தப் பஞ்சு அறையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. இனி இதைப் போல எத்தனையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோதுதான் கண் கலங்கியது.

பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிக் காகிதத்தைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். பயிற்சியாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“நீங்க சொல்றது நெஜமாவே இருக்கட்டும்மா. ஆனா அண்ணன் தங்கச்சி வழக்குல என்ன இழுக்காதீங்க. எனக்கு அந்தக் குரலுங்க வேணும். எடுத்துத் தர முடியுமா முடியாதா?”

ஏழு பேருடைய பதிவுகள் அதில் இருந்தன. பயிற்சியாளர் அவற்றைச் சுத்தம் செய்து, சுருக்கிப் பொதிந்து, ஒரு நகலும் எடுத்துவிட்டு, பதிவுக் கருவியின் மெமரி கார்டை அடுத்தவருக்காக அழித்திருந்தார். எல்லாம் அந்த ரேம் வழியாகத்தான் போயிருந்தன. பொதிந்த கோப்பில் ஓர் இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பகுதி மொத்தமும் திறக்காது. நகலும் அதே பிழையின் நகல். ஆறு பேருக்கு இன்னும் அறுவை நடக்கவில்லை. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வந்து படித்தார்கள். ஏழாமவருக்கு அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவர் ஒரு டிரைவிங் மாஸ்டர். முப்பது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவுமாக, மனைவியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பலகையில் எழுதினார்: ‘என்னென்ன மிச்சம் இருக்கு?’

இரண்டு வாரமாகப் பொதிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து அவள் எடுத்திருந்தது நூற்று நாற்பது வாக்கியங்கள். ஓடவிட்டாள். ‘நாளை மழை வரலாம்.’ ‘கதவின் மேல் பச்சை விளக்கு எரிகிறது.’ புத்தகம் படிக்கிற, கூச்சப்பட்ட குரல். மாஸ்டரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

“இது போதாது. குறைஞ்சது நானூறாவது வேணும்” என்றார் பயிற்சியாளர்.

“இது என் கையால நடந்ததில்ல சார். ஆனா என் பேர்லதான் நடந்துச்சு” என்று அவள் மாஸ்டரிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மாஸ்டர் அவளை உற்றுப் பார்த்துவிட்டுப் பலகையைத் துடைத்து எழுதினார்: ‘பக்கத்து சீட்டுக்காரன் கிளட்ச்ச மிதிச்சா ஓட்டறவன்தான் திட்டு வாங்குவான்.’

அதைப் படித்துவிட்டுத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

“சார், உங்க பயிற்சிக் கார்ல கேமரா இருக்கா? விபத்து ஆனா காட்டறதுக்குன்னு வெப்பாங்களே, அது?”

இருந்தது. அதன் பழைய மெமரி கார்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினேழு கார்டுகள் கிடந்தன. அவளும் பயிற்சியாளரும் மேலும் நாலு வாரம் உட்கார்ந்து கேட்டார்கள். இன்ஜின் இரைச்சலுக்கும் ஹாரனுக்கும் நடுவே மாஸ்டர் முழு உயிரோடு இருந்தார். “பிரேக்கு! பிரேக்கு! கண்ணாடியப் பாரும்மா, உன் மூஞ்சி இல்ல, பின்னாடி வர்ற லாரி!” “ஸ்டீயரிங்கப் பிடிக்கச் சொன்னேன், கழுத்த நெரிக்கச் சொல்லல!” பயிற்சியாளர் முதல்முறையாக அவள் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசியில் குரல் வந்தது. ஒரே ஒரு குறை. கற்றுக்கொடுக்கும்போது பதிவானது என்பதால் எதைச் சொன்னாலும் அதட்டுகிற மாதிரியே வரும். மாஸ்டர் முதலில் தட்டச்சு செய்தது மனைவியின் பெயரையும் ‘காபி வேண்டும்’ என்பதையும். கருவி மனைவியை லாரிக்கு முன்னால் நிற்பவரைப் போலக் கூப்பிட்டது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வீட்லயும் இப்படித்தான் கத்துவாரு. ஒரு வித்தியாசமும் இல்ல.”

அந்த ஆறு வாரமும் அவள் கடைக்குப் போகவில்லை. காலையில் பஞ்சு அறை, மத்தியானத்துக்கு மேல் பட்டியலில் இருந்த முப்பத்துநாலு பேரின் வீடும் அலுவலகமும். ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லி எண்களைப் பழைய நிலைக்கு மாற்றினாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், “எனக்கு ஸ்பீடுதான் வேணும், தப்பு வந்தா வரட்டும், கைய வெக்காதீங்க” என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார். கட்டட வரைபடம் வரைகிற ஒருவர் மட்டும், “ரெண்டு மாசமா நான்தான் கணக்குல தப்பு விடறேன்னு நெனச்சேங்க. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்” என்று மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே கூச்சமாக இருந்தது.

அண்ணன் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து கூடத்தின் நடுவில் நின்றான்.

“வீடு வீடாப் போய் என் மானத்த வாங்கிட்டிருக்கியாமே?”

“அந்த லெட்டர் எழுதினப்ப என் மானம் எங்க போச்சுண்ணா?”

“கடைய மூடிட்டா நீ எங்க போவ, நான் எங்க போவேன்? யாரு மேலயாவது போட்டுத்தான் ஆகணும். நீ என் தங்கச்சி, புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன்.”

“சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும். எங்கிட்ட மறைச்சிட்டு, நான் புரிஞ்சுக்கணும்னு எப்படி எதிர்பாத்த?”

அம்மா சமையலறை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார். அண்ணன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனதும், “அவன்தானேம்மா உனக்கு அந்த நேரத்துல கைகுடுத்தான்” என்றார்.

“ஆமாம்மா. அதனாலதான் இவ்ளோ வலிக்குது” என்றாள் அவள்.

மறுநாள் கடைக்குப் போய் ஹேர் டிரையரையும் தன் பென்சில் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டாள். அண்ணன் வாடிக்கையாளரிடம் பேசுவது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அங்கே வாடிக்கையாளர் யாரும் இல்லை.

இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து கழற்றி வருகிற ரேம்களைச் சோதித்து நல்லது கெட்டது பிரிக்கும் இடம். கழுத்தில் அட்டை, வெள்ளைக் கோட்டு. எல்லோரும் “மேடம்” என்றார்கள். எதையும் வேகப்படுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சொன்ன வேகத்தில் பிழையில்லாமல் ஓடினால் போதும். ஆரம்பத்தில் அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. போகப்போக ஓர் எண்ணைத் தொட்டு இறுக்கிப் பார்க்கக் கை பரபரத்தது.

அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவர், பேச்சுவாக்கில், தன் மைத்துனர் போன மாதம் டைமிங் அக்கா கடையில் அக்கா செட்டிங்கோடு கணினி வாங்கியதாகச் சொன்னார். அவள் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத் தொலைபேசியிலிருந்து கடைக்குக் கூப்பிட்டாள். அண்ணனே எடுத்தான்.

“டைமிங் அக்கா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

“உள்ள வேலையா இருக்காங்க மேடம். என்ன விஷயம், எங்கிட்ட சொல்லுங்க.”

தங்கையின் குரல் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஏழு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் வேலை பார்த்த குரல். அவள் தொலைபேசியை வைத்தாள். அன்று மத்தியானம் சோதித்த ரேம்கள் இருபதையும் சந்தேகத்தில் இன்னொரு முறை சோதித்தாள்.

அண்ணன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வருவான். அந்த நேரத்தில் அவள் வெளியே போய்விடுவாள். நூலகத்தில் உட்காருவாள், இல்லாவிட்டால் மாஸ்டர் வீட்டுக்குப் போய் அவர் அதட்டலைக் கேட்டுவிட்டு வருவாள். அம்மா இரண்டு முறை சாப்பாடு பரிமாறப் பழகிக்கொண்டார்.

போன மாதம் மழைக்காக நூலகத்தை முன்னதாகவே சாத்திவிட்டார்கள். காய்கறிப் பையோடு மாடியேறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அண்ணன் இறங்கி வந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் நின்றார்கள். படி குறுகல்; ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போக முடியும். அண்ணனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் பேசி ஒரு வருடம் ஆகிறது. மன்னிப்புத்தான் கேட்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டாள்.

“இந்தப் புது மதர்போர்டுல நாலு ரேம் போட்டா ஸ்கிரீனே வர மாட்டேங்குது” என்றான் அண்ணன். “ரெண்டு போட்டா ஓடுது.”

“முதல் தடவ பத்து நிமிஷம் கறுப்பாத்தான் இருக்கும். அது உள்ள அளந்து பாத்துட்டிருக்கும். நீ நடுவுல அணைச்சிருப்ப” என்றாள் அவள். யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. “வேகத்தயும் கொற. நாலு போட்டா பழைய வேகத்துல ஏறாது.”

“பத்து நிமிஷமா! நான் ரெண்டு நிமிஷத்துல ஆஃப் பண்ணிடறேன். அதான் பாரேன்.” அவன் முகம் தெளிந்துவிட்டது. “சரி, வரேன்.”

பக்கவாட்டில் திரும்பி அவளைத் தாண்டி, படிகளை இரண்டிரண்டாக இறங்கிப் போனான்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அம்மா படிக்கட்டுப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

“பேசினானா? என்ன சொன்னான்?”

“ரேமப் பத்திக் கேட்டான்.”

“ஏதோ ஒண்ணு. பேசினான்ல!” அம்மாவின் முகம் மலர்ந்தது. “நீயும் பதில் சொன்னதானே?”

“சொன்னேன்” என்றாள் அவள். அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டு, நனைந்த செருப்பைக் கழற்றுவதற்காகக் கதவோரம் உட்கார்ந்தாள். வாரின் பக்கிள் ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. கழற்ற வெகு நேரம் ஆயிற்று.